மூன்றாவது தாளப்பெட்டி

எனக்கு நல்ல காது. இதைச் சொல்ல நான் கூச்சப்படுவதில்லை. எங்கள் வீட்டில் நிறமும் உயரமும் அண்ணைக்குப் போய்விட்டன. மிஞ்சியது காதுதான், அது எனக்கு வந்தது. பருத்தித்துறையில் எங்கள் ஒழுங்கைக்குள் யாருடைய சைக்கிள் திரும்புகிறது என்று அதன் சங்கிலிச் சத்தத்தை வைத்தே அடுப்படியில் இருந்து சொல்வேன். அம்மாவுக்கு இது பிடிக்காது.

"பொம்பிளைப்பிள்ளைக்கு உவ்வளவு காது என்னத்துக்கு? ஊர் விடுப்புக் கேக்கவோ?" என்பார்.

அந்தக் காதை வைத்துத்தான், எண்பதுகள் தொடங்கிய நேரத்தில், எங்கள் ஊர் இசைக்கோஷ்டிக்கு ஒரு தாளப்பெட்டியைத் தேர்ந்தெடுத்தேன். தாளப்பெட்டி என்பது நாங்களாக வைத்த பெயர். ஆள் இல்லாமல், மின்சாரத்தால் தானாகவே டிறம்ஸ் அடிக்கும் மிசின் அது. இப்போது கைத்தொலைபேசிக்குள்ளேயே ஆயிரம் தாளம் கிடக்கிறது. அன்றைக்கு அப்படியொன்று உலகத்தில் இருக்கிறது என்று எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. நான் தேர்ந்தெடுத்தது பிழை என்று முதலில் எல்லோரும் சொன்னார்கள். கொஞ்ச நேரம் நானே அப்படி நினைத்தேன். அந்தக் கொஞ்ச நேரத்தைத் தவிர மற்றதெல்லாம் எனக்குப் பெருமைதான்.

கோஷ்டியின் டிறம்ஸ்காரர் அண்ணை. தலைவர், ஓர்கன் வாசிக்கும் மாஸ்ரர். பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிப்பார். பின்னேரம் ஓர்கனுக்கு முன்னால் இருந்தால் கணக்கெல்லாம் மறந்துபோகும், சனம் கைதட்டினால் விரல்கள் ஓட்டம் பிடிக்கும். பாடகர், மீன் சந்தையில் மீன் கூறி விற்பவர். விடியப்புறம் பாரைக்கும் சூடைக்கும் விலை கூவிய தொண்டை பின்னேரம் காதல் பாட்டுப் பாடும். ஒலிவாங்கி இல்லாவிட்டாலும் கடற்கரை வரை கேட்கும். கித்தார்காரர் ஒருவர் இருந்தார். அவர் அதிகம் கதைக்க மாட்டார், அவருடைய கித்தாரும் அப்படித்தான்.

உண்மையான டிறம்ஸ் ஒலிபெருக்கிக் கடைக்காரருடையது, கச்சேரிக்கு மட்டும் வரும். வீட்டில் அண்ணை பழகுவது தாச்சி மூடியிலும் சாக்குக்கட்டிலும்தான். அவர் அடிக்க, நான் பக்கத்தில் இருந்து கத்தரிக்காய் வெட்டிக்கொண்டே, "அண்ணை, பிந்துது" என்பேன். அவர் திரும்பி முறைப்பார். ஆனால் திருத்திக்கொள்வார். கோஷ்டிக்காரர் அவரைப் புகழும் போதெல்லாம், இதில் பாதி என்னுடையது என்று நான் உள்ளுக்குள் கறுவிக்கொண்டு திரிந்தேன். எனக்கும் மேடை ஏற வேண்டும் என்ற ஆசை அப்போதே இருந்தது. பாட வராது, ஆட வராது, உனக்கு மேடையில் என்ன வேலை என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை, அவ்வளவுதான். பெரிய சோதனைக்குப் பௌதிகம் படித்து, பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதாமல் வீட்டில் இருந்த காலம் அது. கோபம் வேறு நிறைய இருந்தது.

பிறகு அண்ணைக்குக் கப்பலில் வேலை கிடைத்தது. எங்கள் ஆட்களுக்கு அது புதிதில்லை. அப்பாவும் கப்பலில் ஓடியவர்தான். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே காய்ச்சலில் காலமாகிவிட்டார். அண்ணை போனதும் டிறம்ஸ் கடைக்குத் திரும்பிப்போய்விட்டது. கோஷ்டி தாளம் இல்லாமல் சில கலியாண வீடுகளில் வாசித்துப் பார்த்தது. மாஸ்ரரின் விரல்கள் ஓடின, பாடகர் பாட்டோடு பின்னால் துரத்தினார். கேட்டவர்கள் நேரத்தோடு பந்திக்கு எழும்பிப் போனார்கள்.

அந்த நேரத்தில்தான் அண்ணையிடம் இருந்து, குரலைப் பதிந்த ஒரு கசெற் வந்தது. அப்போதெல்லாம் கப்பல்காரர் வீடுகளுக்குக் கடிதத்தைவிடக் கசெற்தான் அதிகம் வரும். லீவில் வருகிற ஒருவர் நாலைந்து வீட்டுக் கசெற்றுகளை உடுப்புகளுக்கு நடுவே கொண்டுவந்து பங்கிடுவார். வீட்டில் எல்லோரும் சுற்றியிருந்து, கதைக்கிறவர் முன்னால் இருப்பதுபோல அதற்குப் பதிலும் சொல்லிக்கொண்டு கேட்பார்கள். எங்கள் கசெற்றைக் கொண்டுவந்தவர், "உதுக்குள்ளை டிறம்ஸ் மிசின் சத்தம் கிடக்காம்" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தபடியால், பின்னேரம் கோஷ்டி முழுவதும் எங்கள் விறாந்தையில் இருந்தது.

எங்கள் வீட்டுக்கு அப்போது மின்சாரம் வரவில்லை. கசெற் றேடியோ பற்றறியில் ஓடும். பற்றறியில் சக்தி குறைந்தால் அம்மா எறிய மாட்டார். மதிலில் சாக்கை விரித்து, பனங்கிழங்கைப் பிளந்து ஒடியல் காயப்போடுவதுபோல வரிசையாக வெயிலில் அடுக்குவார். பின்னேரம் எடுத்துப் போட்டால் இன்னும் கொஞ்ச நேரம் ஓடும். ஊரில் எல்லா வீட்டு மதிலிலும் இது நடக்கும். அன்றைக்கும் சூடு ஆறாத பற்றறிகளைத்தான் எடுத்துப் போட்டார்.

பொத்தானை அமத்தினேன்.

"அம்மா, நான் சுகமாயிருக்கிறன்," என்றார் அண்ணை.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணைக்குக் கீச்சுக் குரல், பள்ளிக்கூடத்தில் அதற்காகவே அடிபட்டவர். இந்தக் குரல் கட்டையாக, ஆறுதலாக, அடிவயிற்றில் இருந்து வந்தது.

"கேட்டியே பிள்ளை, குரல் முத்திப்போச்சு. அப்பிடியே கொப்பற்றை குரல்," என்று அம்மா அழத் தொடங்கினார்.

"கப்பல் சாப்பாடு பிடிச்சிட்டுது," என்றார் பாடகர்.

"கடல்குளிருக்குத் தொண்டை அப்பிடித்தான் வரும்," என்றார் மாஸ்ரர்.

நல்ல காதுக்காரி நானும் நம்பினேன். அப்பாவின் குரல் எனக்கு ஞாபகம் இல்லை. இப்படித்தான் இருந்திருக்கும் போலிருக்கிறது என்று ஆசையோடு கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சிங்கப்பூரிலை ஒரு கடைக்குள்ளை நிக்கிறன். தன்ரை பாட்டிலை டிறம்ஸ் அடிக்கிற மிசின் நாலு வைச்சிருக்கிறாங்கள். நாலையும் ஒண்டொண்டாய்ப் பதிஞ்சு விடுறன். தங்கச்சி கேட்டுச் சொல்லட்டும். அவளின்ரை காதுக்கு எது சரியோ அதை வாங்கி அனுப்புறன்."

விறாந்தையில் இருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஒரு வசனத்துக்காக அண்ணை என்ன கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

முதலாவது ஒரு மரப்பெட்டியாம். றும்பா, வோல்ற்ஸ், சாச்சா என்று வெள்ளைக்காரர் ஆடும் தாளமெல்லாம் உள்ளே ஆயத்தமாக இருக்கிறது, பொத்தானை அமத்தினால் சரி என்றார் அண்ணை. சத்தம், தகரத்தில் அரிசி கொட்டுவதுபோல இருந்தது. இரண்டாவது பெரியது, கலர் விளக்கெல்லாம் உள்ளது. சத்தத்தில் ஒன்றும் இல்லை. மூன்றாவது சின்னப் பெட்டி. ஆயத்தத் தாளம் எதுவும் கிடையாது. ஒரு வரிசையில் பதினாறு இடம். எந்த இடத்தில் அடி, எந்த இடத்தில் சும்மா என்று நாங்கள் சொல்லிக் கொடுத்தால் அதையே திருப்பித் திருப்பி அடிக்கும். பற்றறியிலும் ஓடும். அண்ணை அதைத் தட்டிவிட்டார்.

தும்.

அது வந்து, நின்று, பிறகு அடங்கியது. வீதியில் சாமி வரும்போது அடுத்த முடக்கில் இருந்து கேட்கும் தவில்போல, நெஞ்சுக்குள் விழுந்தது. நாலாவதை நான் சரியாகக் கேட்கவே இல்லை.

மாஸ்ரருக்கு முதலாவதுதான் பிடித்தது. "அமத்தினால் காணும், தன்ரை பாட்டிலை போகும்," என்றார்.

"தன்ரை பாட்டிலைதான் போகும், மாஸ்ரர். எங்களோடை வராது. கோயில் பாட்டுக்கு றும்பாவோ அடிக்கப் போறியள்? மூண்டாவதிலை நாங்கள் நினைச்ச அடியை வைக்கலாம். சத்தத்தையும் கேளுங்கோ."

திருப்பிப் போட்டேன். பாடகர் கண்ணை மூடித் தலையாட்டினார். "உதுக்குப் பாடலாம்," என்றார். மாஸ்ரரும் மெல்ல இறங்கி வந்தார். அந்தச் சந்தர்ப்பத்தை நான் விடவில்லை.

"ஒரு விசயம். பெட்டி வந்தால் அதை நான்தான் இயக்குவன். மேடையிலை."

அம்மாவின் அழுகை சட்டென்று நின்றது. "எடியே!" என்றார்.

"அதைப் பெட்டி வரப் பாப்பம்," என்றார் மாஸ்ரர்.

மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த கிழமை கப்பலேறப் போன பக்கத்து ஒழுங்கைக்காரரிடம், "மூண்டாவது எண்டு மட்டும் சொல்லுங்கோ, அண்ணைக்கு விளங்கும்," என்று சொல்லியனுப்பினோம்.

பெட்டி வந்துசேர மாதக்கணக்காயிற்று. ஒரு புதுச் சறத் துணிக்குள் சுற்றி வந்தது. சாம்பல் நிறம், பள்ளிக்கூடப் பிள்ளை கொண்டுபோகும் சாப்பாட்டுப் பெட்டியளவு. மின்சாரமும் பெரிய ஸ்பீக்கரும் மாஸ்ரர் வீட்டில்தான் இருந்தன. அங்கே கொண்டுபோய், வயரைச் செருகி, எல்லோரும் பார்த்திருக்க அமத்தினேன்.

டிக்.

இன்னொரு தரம் அமத்தினேன். டிக். மற்றப் பொத்தானை அமத்தினேன். டிச்.

"உதென்ன, பல்லி சொல்லுற மாதிரிக் கிடக்கு?" என்றார் பாடகர். எல்லோரும் சிரித்தார்கள். வாயே திறக்காத கித்தார்காரர்கூடச் சிரித்தார். மாஸ்ரர் மட்டும் சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் சுட்டது.

"குறை நினையாதையும், தங்கச்சி. கொக்குவிலிலை ஒரு பெடியன் இருக்கிறான், சொந்த டிறம்ஸ் வைச்சிருக்கிறான். தீர்த்தத்துக்கு அவனைக் கேக்கிற யோசினை எனக்கு."

தீர்த்தம் என்றால் எங்கள் கோயிலின் கடல் தீர்த்தத் திருவிழா. சாமி கடலாடிப் போன பிறகு, பின்னேரம் கடற்கரையில் கோஷ்டிக் கச்சேரி நடக்கும். சுற்றுவட்டார ஊரெல்லாம் வந்து மணலில் இருக்கும். அந்த மேடையில் ஏறினால்தான் கோஷ்டி என்று பெயர். கொக்குவில் பெடியன் வந்து அதில் இருந்துவிட்டால் பிறகு அவனை யாரும் எழுப்பப்போவதில்லை. எனக்கு இருந்த ஒரே கதவு பூட்டுப்பட்டுவிடும். தீர்த்தத்துக்கு ஒரு மாதம்கூட இருக்கவில்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அண்ணையில்தான் கோபம் கோபமாக வந்தது. மூன்றாவது என்று சொல்லியனுப்ப, கடைக்காரன் கையில் கொடுத்த எதையோ வாங்கி அனுப்பிவிட்டார் என்று நினைத்தேன். கசெற்றை வைத்தே நிரூபிக்கலாம் என்று, சத்தம் துல்லியமாகக் கேட்க வேண்டுமே என்பதற்காகக் கடைக்குப் போய்ப் புதுப் பற்றறி வாங்கி வந்து போட்டேன்.

"அம்மா, நான் சுகமாயிருக்கிறன்," என்றார் அண்ணை, கீச்சுக் குரலில், அவசர அவசரமாக.

அம்மா அடுப்படியில் இருந்து ஓடி வந்தார். "ஐயோ, பிள்ளைக்கு என்ன? குரல் மெலிஞ்சு போச்சு. வருத்தமோ?"

"அம்மா, இது அதே கசெற்."

"அதே கசெற் எண்டால் பிள்ளை ஏன் மெலிஞ்சவன்?"

நான் றேடியோவின் பின்மூடியைக் கழற்றிப் புதுப் பற்றறிகளைப் பார்த்தேன். பிறகு மதிலைப் பார்த்தேன். பழையவை அங்கே சாக்கில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. சக்தி குறைந்த பற்றறி நாடாவை மெதுவாகத்தான் சுற்றும். நாடா மெதுவாகச் சுற்றினால் அதில் உள்ள சத்தமெல்லாம் கட்டையாகும். பௌதிகம் படித்த எனக்கு அன்றைக்கு அது மூளையில் ஓடவே இல்லை. அண்ணையின் குரல் முத்தவில்லை. அம்மா கேட்டது அப்பாவின் குரலும் இல்லை. மூன்றாவது பெட்டி அந்தக் கடையிலேயே 'டிக்' என்றுதான் சொல்லியிருக்கிறது. அண்ணை சரியான பெட்டியைத்தான் அனுப்பியிருந்தார். நான் தேர்ந்தெடுத்த சத்தம் சிங்கப்பூரிலும் இல்லை, அதைச் செய்த ஊரிலும் இல்லை. அது எங்கள் மதிலில் காய்ந்த பற்றறியின் சத்தம்.

அறைக்குள் போய் நன்றாக அழுதேன். நான் சொன்ன கொஞ்ச நேரம் அதுதான்.

அழுது முடிந்ததும் கோபம் வந்தது, இந்தமுறை நல்ல கோபம். என் காது என்ன பிழை விட்டது? நாலு சத்தத்தில் நல்ல சத்தத்தைத்தானே பிடித்தது? அப்படியொரு சத்தம் இல்லையென்றால் அதை இருக்கப் பண்ண வேண்டியதுதானே?

பெட்டிக்குள் நாடா எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது. யாரோ அடித்ததைப் பதிந்து வைத்து அது திருப்பிச் சொல்லவில்லை. பானையில் விரலால் சுண்டினால் சத்தம் பிறப்பதுபோல, ஒவ்வொரு தரமும் மின்சாரம் உள்ளே எதையோ சுண்ட, அது அந்த நேரம் புதிதாகப் பிறக்கிறது. சின்னப் பானை கீச்சிடும், பெரிய பானை முழங்கும். அப்படியென்றால் பானையைப் பெரிதாக்க உள்ளே ஏதாவது வழி இருக்கும். அண்ணையின் பழைய பெட்டிக்குள் இருந்து ஸ்குறூ டிறைவரை எடுத்தேன்.

"பெடியன் கப்பலிலை கிடந்து உழைச்சு அனுப்பினதை ஏன்டி பிரிக்கிறாய்?" என்று அம்மா தலையில் கைவைத்தார்.

"இதைவிடக் கெட்டுப்போக இதிலை ஒண்டும் இல்லை, அம்மா."

சிரித்ததற்குப் பிராயச்சித்தமாகவோ என்னவோ, கித்தார்காரர் தன்னுடைய சின்னப் பற்றறி ஸ்பீக்கரைக் கொண்டுவந்து விறாந்தையில் வைத்துவிட்டுப் போனார். அதில் வயரைச் செருகினேன். பெட்டிக்குள் பச்சைத் தகட்டில், சோளப்பொரியளவில் சின்னச் சின்னத் திருகுகள் இருந்தன. தொட முதல், ஒவ்வொன்றும் எங்கே பார்த்து நிற்கிறது என்று பென்சிலால் அடையாளம் வைத்தேன். ஆய்வுகூடத்தில் பழகிய பழக்கம். ஒன்றைத் திருப்பினேன், ஒன்றும் நடக்கவில்லை. இன்னொன்றைத் திருப்பினேன், சத்தம் கூடியது, குறைந்தது. அடுத்ததைத் திருப்பினேன். 'டிக்' என்பது 'டொக்' என்றாகியது.

 இன்னும் கொஞ்சம் திருப்பினேன். டொம். இன்னும் கொஞ்சம். திடீரென்று அது அடங்காமல் 'ம்ம்ம்ம்' என்று ஒரே முழக்கமாக முழங்கத் தொடங்கியது.

"ஆர் சங்கூதுறது? நிப்பாட்டடி, செத்த வீடு மாதிரிக் கிடக்கு!" என்று அம்மா கத்தினார்.

ஒரு மயிரிழை பின்னால் திருப்பினேன். முழக்கம் நின்றது. அந்த இடம்தான். முழங்கத் தொடங்குவதற்குச் சற்று முன்னால், ஒரு நூலிடையில் அந்த இடம் இருந்தது. அமத்தினேன்.

வந்தது, நின்றது, அடங்கியது.

இருந்தாலும் எனக்குத் திருப்தி வரவில்லை, நான் தேர்ந்தெடுத்ததேதான் எனக்கு வேண்டும். மதிலில் இருந்த பழைய பற்றறிகளைப் போட்டுக் கசெற்றில் மூன்றாவதைக் கேட்பேன், பிறகு பெட்டியைத் தட்டிப் பார்ப்பேன், திருகைத் தொடுவேன், மறுபடி கேட்பேன். பற்றறி நாளுக்கு நாள் செத்துக்கொண்டு போனது. ஒரு நாள் அண்ணை எருமை மாடு மாதிரிக் கதைத்தார். அன்றைக்கு மட்டும் வேலையை நிறுத்தி, பற்றறிகளை நல்ல வெயிலில் போட்டேன். அம்மா இப்போது என்னைத் தடுக்கவில்லை. பக்கத்தில் வந்து இருந்துகொண்டு, "அந்தப் பழைய பற்றறியைப் போடு பிள்ளை, அவற்றை குரலைக் கேப்பம்," என்பார். அது அப்பா இல்லை என்று அவருக்கு விளங்கியிருந்தது. விளங்கிக்கொண்டேதான் கேட்டார்.

மாஸ்ரர் வீட்டுக்கு மறுபடி போனபோது பாடகர், "பல்லி சுகமோ?" என்று கேட்டார்.  அண்ணையிடம் பிடித்த பிழைகளையெல்லாம் திருத்தி ஒரு தாளத்தைப் பதினாறு இடத்திலும் ஏற்கெனவே வைத்திருந்தேன். பெரிய ஸ்பீக்கரில் வயரைச் செருகித் தட்டிவிட்டேன். யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மாஸ்ரர் ஓர்கனில் இருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டார். தாளம் போய்க்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவருடைய கால் தன்பாட்டில் தட்டத் தொடங்கியது. அந்தக் காலை நான் எவ்வளவு பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லி முடியாது.

"பல்லி செத்துப்போச்சு," என்றார் பாடகர்.

"கொக்குவில் பெடியனோடை நான் இன்னும் கதைக்கேல்லை," என்றார் மாஸ்ரர். பிறகு தொண்டையைச் செருமினார். "பெட்டியை இஞ்சை விட்டிட்டுப் போம், தங்கச்சி. நாங்கள் பாத்துக்கொள்ளுவம்."

"பெட்டி தனிய வராது, மாஸ்ரர். வந்தால் என்னோடைதான் வரும்."

மாஸ்ரர் பாடகரைப் பார்த்தார். "வரட்டுமேன், என்ன குறைஞ்சு போச்சு?" என்றார் பாடகர், சந்தையில் விலையை முடிக்கிற அதே குரலில். அவ்வளவோடு அது முடிந்தது. வீட்டில் அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: தானும் வருவேன், மேடைக் கரையில் தானும் இருப்பேன். வெற்றிலைப் பையோடு ஒரு அம்மா இருக்கும் கோஷ்டி இலங்கையிலேயே எங்களுடையதாகத்தான் இருந்திருக்கும்.

ஒத்திகையில்தான் மாஸ்ரருக்கு உண்மை தெரிந்தது. இரண்டாவது சரணத்தில் வழக்கம்போல ஓடத் தொடங்கினார். தாளம் அவரோடு ஓடவில்லை.

"மிசின் பிந்துது," என்றார்.

"மிசின் நிண்ட இடத்திலைதான் நிக்குது. நீங்கள்தான் ஓடுறியள், மாஸ்ரர்."

ஊரில் பாதிப்பேருக்குக் கணக்குப் படிப்பித்தவருக்கு நான் அப்படிச் சொன்னேன். அவருக்கு முகம் கறுத்தது. ஆனால் அடுத்தமுறை ஓடவில்லை. பாடகருக்கு வேறு வைத்தியம். மூச்சு எடுக்கும் இடத்தில் அவர் சற்று இழுப்பார், அது அவருடைய அழகு. பெட்டிக்கு அது கேட்காது. எனக்குக் கேட்கும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழில் எப்போதும் ஒரு விரலை வைத்திருந்து, அவர் இழுக்கும்போது ஒரு துளி தளர்த்தி, வந்ததும் பிடித்துவிடுவேன். பொத்தானை அமத்த யாராலும் முடியும். இந்த விரலுக்குத்தான் ஆள் தேவை.

தீர்த்தத்தன்று பின்னேரம் சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கிக்காரர் வழக்கம்போலக் குழல் ஸ்பீக்கர்களைப் பனையில் கட்டிக்கொண்டிருந்தார். கீச்சுச் சத்தத்தை மட்டும் எடுக்கிற அதில் என் 'தும்' வராது, மறுபடி பல்லிதான் வரும் என்று எனக்குத் தெரியும். கட்டைச் சத்தம் எடுக்கும் பெரிய பெட்டி ஸ்பீக்கரை வண்டியில் இருந்து இறக்காவிட்டால் மேடை ஏற மாட்டேன் என்று நின்றேன். இறக்கினார். முதல் அடி விழுந்ததும் மணலில் இருந்த சனம் எட்டிப் பார்த்தது. "டிறம்ஸ் எங்கை?" என்ற சத்தம் எனக்கே கேட்டது. சின்னப்பிள்ளைகள் சிலர் மேடைக்குக் கீழே புகுந்து, அங்கே யாராவது ஒளித்திருந்து அடிக்கிறார்களா என்று தேடினார்கள். முன்வரிசையில் ஒரு மனுசி, "உந்தப் பிள்ளையின்ரை மடியிலை கிடக்கிற பெட்டியாம்," என்று பக்கத்தில் இருந்தவளுக்குக் காட்டினார். நான் நிமிர்ந்து இருந்தேன். அதன் பிறகு கலியாண வீடுகளில் கோஷ்டியைப் பேச வருகிறவர்கள், "பெட்டிக்காரப் பிள்ளை வருவாதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் நாள் குறித்தார்கள்.

அண்ணை லீவில் வந்தது அடுத்த வருஷத் தீர்த்தத்தோடு. வாசலில் நின்று "அம்மா" என்றார். கீச்சுக் குரல்தான். அம்மா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "குரலுக்கென்ன, ஆள் வந்திட்டாய், அது காணும்," என்றார். அண்ணைக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அன்று பின்னேரம் மேடை ஏறிய நான் திடுக்கிட்டுப் போனேன். நடுவில் டிறம்ஸ் நின்றது. மாஸ்ரர் எனக்குச் சொல்லாமல் கடையில் இருந்து எடுப்பித்திருந்தார்.

"இண்டைக்கு நீர் கொஞ்சம் ஆறும், தங்கச்சி. அண்ணை வந்திட்டாரெல்லே," என்றார் சந்தோசமாக.

நேரே போய் என் கதிரையில் இருந்தேன். அண்ணையில் பாசம் இல்லாமல் இல்லை. இடமும் அவருடையது, பெட்டியும் அவர் வாங்கியது, சரி. ஆனால் நான் இன்றைக்கு இறங்கினால் அது இன்றைக்கு மட்டும் என்று நிற்காது என்று எனக்குத் தெரியும். அவர் திரும்பக் கப்பலுக்குப் போனாலும், இன்னொரு பெடியன் அந்தக் கதிரையில் இருப்பான். பெட்டியை மடியில் இறுக்கிப் பிடித்தபடி அசையாமல் இருந்தேன். அண்ணை டிறம்ஸ் தடிகளோடு மேடையில் ஏறினார். என் முகத்தைப் பார்த்தார்.

"முதல் பாட்டுக்கு நீ அடி. நான் கீழை இருந்து கேக்கிறன்," என்றார்.

குதித்து இறங்கி, சனத்தோடு சனமாக மணலில் இருந்தார். நான் தட்டிவிட்டேன். பாடகர் அன்றைக்கு இழுத்த இழுப்பில் ஒன்றைக்கூட என் விரல் தவறவிடவில்லை. பாட்டு முடிந்து கைதட்டல் அடங்க முதலே அண்ணை மேடைக்கு ஏறி வந்து என் முன்னால் குந்தினார்.

"உது நான் வாங்கின மிசின் இல்லை."

"நீங்கள் வாங்கினதுதான். மூண்டாவது."

"பகிடி விடாதை. நான் அந்தக் கடையிலை நிண்டு நாலையும் கேட்டனான். உந்தச் சத்தம் ஒண்டிலையும் இல்லை."

"ஓம், இல்லை," என்றேன். "இதை நான் செய்தனான்."

அண்ணை பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பிந்துது" என்று சொன்னால் முறைப்பாரே, அதே முறைப்பு. பிறகு எழும்பி மேடைக் கரையில் இருந்த அம்மாவிடம் போய், தடிகள் இரண்டையும் வெற்றிலைப் பைக்குள் செருகினார்.

"வைச்சிருங்கோ, அம்மா. மாஸ்ரர், நீங்கள் தொடங்குங்கோ," என்று சொல்லிவிட்டு மறுபடி மணலில் போய் இருந்தார்.

எனக்குக் கண் மறைத்தது. பொத்தான் எங்கே, குமிழ் எங்கே என்று தெரியவில்லை. மாஸ்ரர் என்னைப் பார்த்துக்கொண்டு கையை ஓர்கனுக்கு மேலே பிடித்தபடி நின்றார். மேடை என்றதும் ஒரு காலத்தில் 'எடியே!' என்று பதறிய அம்மா, பைக்குள் கையை விட்டுத் தடிகளை ஒரு பக்கமாக ஒதுக்கி, ஒரு துண்டுப் பாக்கை எடுத்து வாயில் போட்டார்.

"என்னடி பாத்துக்கொண்டிருக்கிறாய்? சனம் காத்துக்கொண்டிருக்குது," என்றார். "அடி!"